ஆயுத பூஜையும் உதிரி சாமான்களும்

ஆயுத பூஜை வந்துவிட்டால் கலப்பை முதல் மோட்டார் வரை சந்தனம், குங்குமம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கினால்தான் வண்டி பழுதில்லாமல் ஓடும் என்று நம் மக்கள் நம்புகிறார்கள். பாமர மக்கள்தான் இப்படி என்று சொல்லிவிடவும் முடியாது. 2019-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி இந்திய ராணுவ மந்திரியே பிரான்சு தேசம் போய், ரஃபேல் என்னும் போர் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்தார். ஒரு ராணுவ வண்டி உண்மையில் எதனால் ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி சொல்லும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, "டாட்டாநகர்" என்று பட்டாளத்தில் அழைக்கப்பட்ட சிறு கவச வண்டிகள் 4,600-க்கு மேல் இந்தியாவில் கட்டப்பட்டன. கவசத் தகடு டாட்டா உருக்கு. அதைக் கொண்டு கூடு கட்டியவர்கள் ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள். ஆனால் அடிச்சட்டமும் எஞ்சினும் கனடா தேசத்துப் போர்டு கம்பெனியிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. அந்நாட்டு ராணுவ லாரிகளுக்குரிய சாமான்களைக் கொண்டே இதுவும் கட்டப்பட்டதால், உடைந்த சாமானைக் கழற்றி, அதே அளவில் செய்த வேறொன்றைப் பூட்டினால் வண்டி கிளம்பும். அது கிடைக்காவிட்டால், கவசம் எவ்வளவு கனமாயிருந்தாலும் வெறும் இரும்புக் குவியல்தான். இதில் எந்தச் சரஸ்வதிக்கு என்ன வேலை என்று கேட்கிறோம்.

அந்த யுத்த காலத்தில் அரை அங்குல போல்ட்டுக்கு, அங்குலத்திற்குப் பிரிட்டிஷார் 12 மரையும் அமெரிக்கர் 13 மரையும் வைத்திருந்தார்கள். ஒருவர் போல்ட் மற்றவர் நட்டில் ஏறாது. இரு கூட்டத்தாரும் ஒரே பைபிளைப் படிப்பவர்கள்தான். ஆயினும் எந்த ஜபமும் 12-ஐ 13 ஆக்கவில்லை. 1948-இல் கனடாவும் சேர்ந்து மூன்று தேசத்தாரும் உட்கார்ந்து பேசி, ஒரே அளவை ஒப்புக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது.

இன்னொன்றையும் தோழர்கள் யோசிக்க வேண்டும். இரும்பை உருக்கி, அடித்து, மரை வெட்டியவன் கீழ்ஜாதி. வண்டி தயாரான பிறகு வந்து மந்திரம் சொல்லித் தட்சணை வாங்கியவன் மேல்ஜாதி. வண்டி நின்றுவிட்டால் மாத்திரம் கூப்பிடப்படுகிறவன் அந்தக் கீழ்ஜாதிக்காரன்தான்! மரை சரியாக இருந்தால், வெட்டியவன் எந்த ஜாதியானாலும் போல்ட் ஏறுகிறதே. போல்ட்டுக்கு இருக்கிற நியாயம் மனிதனுக்கு இருக்க வேண்டாமா?

யுத்தத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. பூஜை போடுகிறவர்களுக்கும் அதில் உண்மையில் நம்பிக்கை இல்லை என்பதைக் காட்டவே எழுதுகிறோம். ரஃபேல் விமானங்களுக்காக 2016-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உதிரி சாமான்களுக்கும் சேர்த்துத்தான் விலை பேசினார்கள். எலுமிச்சம்பழம் காப்பாற்றும் என்று அதை விட்டுவிட்டார்களா?

ஆகவே, பூஜைக்குச் செலவழிக்கும் காசில் உங்கள் பிள்ளைகளுக்குப் பட்டறை வேலையும் யந்திரக் கணக்கும் கற்றுக் கொடுங்கள். எஞ்சினுக்கு அன்னியனையும் மந்திரத்திற்குப் பார்ப்பனனையும் எதிர்பார்த்து நிற்பவனுக்குச் சுயமரியாதை ஏது?