நீதி வேண்டாம், சிக்கலைச் சொல்லுங்க

முன்னேஸ்வரத்தில் சனிக்கிழமைகளில் தரம் 3, 4 பிள்ளைகளோடு நாங்கள் சில பேர் கதை வாசிக்கிறோம். "கதையைச் சுருக்கமாச் சொல்லுங்க பார்ப்பம்" என்றால் உடனே ஒரு கை உயரும். "பேராசை பெருநஷ்டம், டீச்சர்!" யார் பேராசைப்பட்டது? என்ன நடந்தது? அது தெரியாது.

பிள்ளையில் பிழை இல்லை. நாம வாங்கிக் கொடுக்கிற புத்தகம் அப்படி. பரிசளிப்பு விழா என்றாலே நீதிக்கதைக் கட்டுதான். அதில் ஒருவன் தப்புச் செய்வான், அடி வாங்குவான், கடைசி வரியில் நீதி வரும். அந்த வரியைப் பாடமாக்கினால் வேலை முடிஞ்சுது. காகம் கல் போட்ட கதை வேற ரகம். அங்கே தாகம், எட்டாத தண்ணி, ஒரு யோசனை எல்லாம் இருக்கு. ஆனா எத்தனை வருசம் அந்தக் காகத்தையே கல் பொறுக்க விடுறது?

சுருக்கம் என்றால் யாருக்கு என்ன சிக்கல், என்ன செய்து பார்த்தார், கடைசியில் எப்படித் தீர்ந்தது என்று சொல்வது. அதற்குத் தோற்றுத் தோற்று முயற்சி செய்கிற ஆள் உள்ள கதை வேணும். சிபில் வெத்தசிங்கவின் 'குடைத் திருடன்' (1956) அப்படி. குடையே இல்லாத ஊர். கிரி மாமா பட்டணத்தில் வாங்கி வருகிற குடை ஒவ்வொரு முறையும் காணாமல் போகுது. கடைசியில் குடைக்குள்ளே கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அவை விழுந்த வழியே போனால் காட்டில் ஒரு மரத்தில் அத்தனை குடையும் தொங்குது!

வாசிச்சு முடிச்சதும் எங்கள் வகுப்பில் சண்டை. சிக்கல் குடை தொலைஞ்சதா, திருடன் யாரென்று தெரியாததா? ஒரு பிள்ளை, "ஊருக்கே குடை இல்லாததுதான்" என்றது. மூன்றுக்கும் கதையில் ஆதாரம் தேடிப் பக்கம் புரட்டினார்கள். எந்த நீதிக்கதைக்கு இப்படி நடந்திருக்கு?

"சிங்களக் கதை எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கோயில் வாசலில் ரெண்டு மொழியும் கேட்கிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா ஐயா இது?

அடுத்தது, "புலமைப்பரிசிலுக்கு உதவுமா?" பரீட்சையில் முன்பின் பார்க்காத பந்தியைக் கொடுத்தால் பாடமாக்கின நீதி எங்கே உதவும்?

வருசக் கடைசியில் பரிசுப் புத்தகம் வாங்கப் போறவங்களுக்கு ஒன்று. அட்டையைப் பார்க்காதீங்க, கடைசிப் பக்கத்தைத் திறங்க. "இக்கதையின் நீதி" என்று இருந்தால் அப்படியே தட்டில் வச்சிட்டு வாங்க.