காலி செய்யத் தெரியாத சொந்த வீடு

"சொந்தமா ஒரு சர்வர் வெச்சுக்கங்க, உங்க தரவு உங்ககிட்டயே இருக்கும்" என்று பத்துப் பேரிடமாவது பிரசங்கம் செய்திருப்பேன். மூன்று பேர் நம்பியும் விட்டார்கள். அந்த மூவருக்காக இதை எழுதுகிறேன்.

சொந்த சர்வர்க்காரர்களான எங்களுக்கு நிறுவுவதில்தான் பெருமை. ஐந்து நிமிடத்தில் ஏற்றிக் காட்டும் காணொளிகளைப் பகிர்வோம். காலி செய்வதைப் பற்றி மூச்சு விடமாட்டோம். நான் சொல்வது இதுதான்: ஒருமுறையாவது வேறு சர்வருக்கு முழுதாகப் பெயர்த்துக் காட்டாதவரை அந்தத் தரவு உங்களுடையது அல்ல, அந்த இயந்திரத்துடையது.

"டாக்கர் இருக்கே, அப்படியே தூக்கிட்டுப் போயிடலாமே" என்பார்கள். டாக்கர் தூக்கிச் செல்வது நிரலைத்தான். தரவு வால்யூமில் கிடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸின் கோப்புறையை ஆர்சிங்கில் நகலெடுத்தால், முதல் கோப்புக்கும் கடைசிக் கோப்புக்கும் நடுவே உள்ளே எழுதப்பட்டவை ஒன்றோடொன்று பொருந்தாது. டம்ப் எடுக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட்டு நகலெடுக்க வேண்டும். கூலிஃபை போன்ற தளத்தில் இன்னொரு அடுக்கு. அதன் சொந்த பேக்கப்பில் அமைப்புகள் மட்டும்தான் வரும், செயலிகளின் வால்யூம்கள் வராது. அந்த அமைப்புகளுக்குள் இருக்கும் ரகசியங்களும் ஓர் ஆப் கீயால் பூட்டப்பட்டவை. பழைய என்வ் கோப்பிலிருந்து அந்த ஒற்றை வரியை எடுத்துவர மறந்தால் கையில் இருப்பது திறக்காத பெட்டி. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். யார் படிக்கிறோம்?

இவ்வளவும் தெரிந்த நான்தான் சொதப்பினேன். அப்பாவின் டைரிகளை அம்மா தினம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து என் சர்வரில் ஏற்றிவந்தார். ஒரு சனிக்கிழமை காலை டம்ப் எடுத்துப் புது சர்வரில் இறக்கி, டிஎன்எஸ்ஸை மாற்றினேன். எல்லாம் பச்சை. டிடிஎல் ஒரு நாள் என்று இருந்ததை முன்கூட்டியே குறைக்கவில்லை; பழைய செயலியை நிறுத்தவுமில்லை. அம்மாவின் போன் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. அன்று இரவுக்குள் பதினோரு பக்கம் அடித்திருக்கிறார். திங்களன்று, வாடகை மிச்சமாகட்டும் என்று பழைய சர்வரை அழித்தேன். புதன்கிழமை போன் வந்தது: "நான் சேவ் பண்ணேனேடா, எங்கடா போச்சு?"

மறுபடி அடிக்கலாம்தான். எழுபது வயதில், ஒரு கண்ணில் புரையோடு.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்த கருவியோ 9.2. எனவே டம்ப்பே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரிடமும் போய்ச்சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. மீட்டுப் பார்த்திராத பேக்கப்பை பேக்கப் என்று எப்படிச் சொல்வது?

"அப்ப கூகிளுக்கே போயிடவா?" என்று கேட்காதீர்கள், அது என் வாதமல்ல. ஆனால் நாம் திட்டித் தீர்க்கும் அந்த கூகிள் 2011-லேயே டேக்அவுட் என்றொரு வெளிவாசல் வைத்துவிட்டது. ஜிப் கோப்புதான் தருகிறது, ஓடும் செயலியைத் தருவதில்லை, சரி. நாம் அதுகூட வைக்கவில்லையே.

மூவருக்கும் செய்தி அனுப்பினேன்: இந்த வாரமே ஒரு வாடகை சர்வர் எடுத்து, பேக்கப்பை மட்டும் வைத்து எழுப்பிப் பாருங்கள். ஒருவர் செய்தார். அவருடைய டம்ப் கோப்பு பூஜ்ஜியம் பைட். மற்ற இருவரும் இன்னும் பதில் போடவில்லை.