சோழியும் கயிறும் மாசியும்



உங்கள் வீட்டு அடுக்களையில் மாசி இருக்கிறதா? காயல்பட்டினத்தோடும் கீழக்கரையோடும் இலங்கையோடும் உறவுள்ள இல்லங்களில் பெரும்பாலும் இருக்கும். மரக்கட்டையைப் போல் இறுகிப்போன அந்தத் துண்டை உரலில் இட்டு இடித்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் செய்து உண்கிறோம். அதனை ஆக்கிய கைகள் எவருடையவை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மாலத்தீவு மக்கள் பேசும் திவெஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன் என்று பொருள். அங்கிருந்து பண்டம் வந்தது. பண்டத்தோடு பெயரும் வந்தது.

இம்மாதம் அந்தத் தீவுகளின் பழந்தொழில்களைப் பற்றிச் சிந்திப்போம். இது வெறும் வரலாற்றுச் செய்தியன்று. நம் இல்லங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

இந்துமாக்கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மாலத்தீவில் ஏறத்தாழ 1200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவே. எல்லாம் பவளப்பாறையின் மீது படிந்த மணல் திட்டுகள். ஆறு இல்லை, மலை இல்லை, நெல் விளையும் வயல் இல்லை. தென்னை உண்டு, கடல் உண்டு, மனிதரின் இரு கைகள் உண்டு. அரிசியும் துணியும் மட்பாண்டமும் கடல் தாண்டியே வரவேண்டும். எனவே வாணிபம் அம்மக்களுக்குச் செல்வம் சேர்க்கும் வழியாக மட்டும் இருக்கவில்லை. அதுவே உயிர் வாழும் வழியாகவும் இருந்தது. 1153ஆம் ஆண்டில் அந்நாடு இஸ்லாத்தைத் தழுவியது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு வணிகர் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தனர்.

1343இல் அங்கே வந்திறங்கி, காஜியாகப் பணியாற்றி, பின்னர் மதுரைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா, தாம் கண்ட தொழில்களை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவற்றுள் முதலாவது சோழி. நம் வீட்டுப் பெண்கள் பல்லாங்குழி ஆடிய அதே சோழிதான். கடலிலிருந்து எடுத்த சோழிகளைக் கரையில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். உள்ளிருக்கும் சதை அழிந்து வெண்மையான ஓடு மட்டும் எஞ்சும். அதுவே அவர்களின் நாணயம். ஒரு பொற்காசுக்கு 4 இலட்சம் சோழி என்பது அக்காலத்து மதிப்பு; விலை வீழ்ந்தால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கும். வங்காளத்து வணிகர் அரிசியைக் கொடுத்துச் சோழியைப் பெற்றுச் சென்றனர். ஏமன் நாட்டவரோ கப்பலின் அடிப்பாரத்துக்கு மணலுக்குப் பதிலாகச் சோழியை ஏற்றிச் சென்றனர்.

இரண்டாவது கயிறு. தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, கட்டையால் அடித்து நாரைப் பிரித்தெடுப்பார்கள். அந்த நாரைத் திரித்துக் கயிறாக்கியவர்கள் பெண்கள் என்று இப்னு பதூதா குறிப்பிடுகிறார். அக்காலத்து மரக்கலங்கள் பலவற்றில் இரும்பு ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்தே கட்டினார்கள். அந்தக் கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் சென்றது. சற்றே எண்ணிப் பாருங்கள். பெயர் தெரியாத ஒரு தீவில், ஓலைக் குடிசையின் நிழலில் அமர்ந்து ஒரு பெண் திரித்த கயிறு, பெருங்கடலில் ஒரு கப்பலையும் அதிலுள்ள உயிர்களையும் தாங்கி நின்றது!

மூன்றாவது நாம் தொடக்கத்தில் கூறிய மாசி. ஆண்கள் தோணியில் சென்று, உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசிச் சூரை மீன் கூட்டத்தை ஈர்த்து, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். கிடைத்த மீன் தோணியின் உடைமையாளருக்கும் தோணித் தலைவருக்கும் மற்றவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படும். கரை சேர்ந்த பின் வேலை பெண்களுடையது. அறுத்துத் துப்புரவு செய்து, உப்புநீரில் அவித்து, புகையில் வாட்டி, பல நாள் வெயிலில் காயவைத்தால் மாசி ஆயத்தம். மீனை அவித்த நீரைக்கூட அவர்கள் கொட்டுவதில்லை; அதைச் சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்கிச் சோற்றுக்கு வைத்துக்கொள்வார்கள்.

இவை தவிர, தீவுக்கு ஒரு தொழில் என்று கைத்திறனும் வளர்ந்திருந்தது. தெற்கே கத்தூ தீவின் பெண்கள் நெய்த கோரைப் பாய், துலாதூ தீவினர் மரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய செப்புகள், ரிபுதூ தீவின் பொற்கொல்லர் வேலை ஆகியவை பெயர் பெற்றவை.

இத்தனை உழைப்பும் திறனும் இருந்தும் அந்த மக்கள் ஏன் செல்வந்தர் ஆகவில்லை? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா. உழைத்த கை அவர்களுடையது. விலை மட்டும் அவர்களுடையதாக இல்லை.

சோழியின் கதையையே பார்ப்போம். 1602இல் கப்பல் உடைந்து அங்கே கரையொதுங்கி, 1607 வரை தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், இடுப்பளவு நீரில் நின்று பெண்கள் சோழி பொறுக்கியதைக் கண்டு எழுதினார். சோழியை மட்டுமே ஏற்றிக்கொண்டு 30, 40 கப்பல்கள் வங்காளம் சென்றதையும் குறிப்பிட்டார். பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதே சோழியை வாங்கி ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். எதற்காகத் தெரியுமா? மனிதர்களை விலைக்கு வாங்குவதற்காக! அடிமை வணிகத்தில் சோழியும் ஒரு நாணயமாயிற்று. குழந்தையின் பசிக்கு அரிசி வேண்டிச் சோழி பொறுக்கிய தாய், அச்சோழிக்குப் பிற தாய்மாரின் பிள்ளைகள் விற்கப்படுவதை அறிந்திருக்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய வணிகர் சான்சிபாரிலிருந்து மலிவான சோழியை ஏராளமாக இறக்கினர். மாலத்தீவுச் சோழியின் மதிப்பு சரிந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவ்வணிகமே மறைந்தது.

மாசிக்கும் ஏறக்குறைய அதே நிலை நேர்ந்தது. அதற்கு ஒரே பெரிய சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதியைக் குறைத்தபோது, மாசி வாங்க ஆளில்லாமற் போயிற்று. அதன்பின் பிடித்த மீனைப் பச்சையாகவே வெளிநாட்டுக் குளிர்பதனக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 1972இல் சுற்றுலா விடுதிகள் தோன்றின. 1974 முதல் தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. நாட்டுக்கு வருவாய் பெருகியது உண்மை. இன்றும் அங்கே மாசி ஆக்கப்படுகிறது, இலங்கைக்கும் செல்கிறது. ஆனால் மீன் தோணியிலிருந்து நேராகக் கப்பலுக்குப் போனபோது, கரையில் அதை அவித்தும் காயவைத்தும் சம்பாதித்த பல பெண்களின் கை வேலையற்றுப்போனது. விடுதிகளுக்கு வேலைக்குச் சென்றவர்களும் பெரும்பாலும் ஆண்களே. ஒரு நாட்டின் கணக்கேட்டில் இலாபமாகத் தெரிவது, ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் இழப்பாக இருக்கக்கூடும்.

சகோதர சகோதரிகளே! இந்தக் கதை கடலுக்கு அப்பால் மட்டுமா நடக்கிறது? பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையை நுண்ணிழையாகக் கிழித்து, மடித்தால் கைக்குள் அடங்கும் பட்டுப்பாய் நெய்கிறார்கள். நெல்லை மாவட்டத்து வீடுகளில் தாய்மார் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இன்னும் எத்தனையோ இல்லங்களில் தையலும் பூவேலையும் நடைபெறுகின்றன. அங்கும் கை அவர்களுடையது. விலையைச் சொல்பவர் வேறொருவர். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்று நாமே அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிறோம். சும்மா இருக்கும் நேரம் என்று ஒரு தாய்க்கு எப்போது இருந்தது?

தம் கையால் உழைத்து உண்பதை நம் மார்க்கம் மிக உயர்வாகப் போற்றுகிறது. நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கைத்தொழிலால் உண்டார்கள் என்பதை நாம் அறிவோம். உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியே. ஆகவே மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன். கைத்தொழில் செய்யும் பெண்ணிடம் பொருள் வாங்கும்போது பேரம் பேசி அவர் கூலியைக் குறைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் சம்பாதிப்பது அவருடைய உடைமை என்பதை மறவாதீர்கள். தொழில் செய்யும் சகோதரிகளோ, ஒரே வியாபாரியை நம்பி இராமல், நான்கு பேர் சேர்ந்து நேரடியாக விற்கும் வழியைத் தேடுங்கள்.

அடுத்த முறை மாசியை உரலில் இடும்போது, புகையில் கண் கலங்க அதை வாட்டிய அந்தத் தீவுச் சகோதரியை ஒரு கணம் நினைவுகூருங்கள். பிறகு உங்கள் தெருவில் பாய் நெய்யும் சகோதரிக்குத் தரவேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால், அன்றே அதைக் கொடுத்து அனுப்புங்கள்.

உழைக்கும் கரங்களில் எல்லாம் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.