உடைந்த தட்டு எங்கே போகிறது? க்ளே ஷூட்டிங் போகும் முன் கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள்

ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் இறுதிப் போட்டிகளை மொபைலில் பார்த்திருப்பீர்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். பறந்துகொண்டிருந்த தட்டு கலர் பொடியாக வெடித்துக் காற்றில் கரைந்துவிடும். பார்க்க ஹோலி மாதிரி அழகாக இருக்கும்.

அந்தப் பொடி பார்வையாளர்களுக்காக வைக்கப்படுவது. அடி விழுந்தது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக இறுதிச் சுற்றுத் தட்டுகளுக்குள் பவுடர் அடைத்து அனுப்புகிறார்கள். சாதாரண நாளில், சாதாரண ரேஞ்சில் தட்டு கரைவதில்லை. உடைகிறது. சில்லு சில்லாக, சில சமயம் சரிபாதியாக. அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன என்ற கேள்வியை டிவி கேட்பதில்லை. நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த விளையாட்டு நமக்கு ரொம்பத் தூரமும் இல்லை. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் இறங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்துவுடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார். இன்னொரு பக்கம், பிரிட்டனில் வேலை பார்க்கும் நண்பர்களின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று போய், ஷாட்கன்னைத் தோளில் வைத்து போஸ் கொடுத்த படம் ஒன்றாவது இருக்கும். கூலிங் கிளாஸ், திருப்பிப் போட்ட கேப். போட்டோவுக்கு ஓகே. ரேஞ்சுக்கு இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

பெயர்தான் களிமண்

முதலில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. 19-ம் நூற்றாண்டிலேயே புறாவுக்கு மாற்றாகக் கண்ணாடிப் பந்துகளும் வந்தன. சுட்ட பிறகு மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு! 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் தட்டு வடிவ இலக்கைக் கொண்டுவந்தார். அது சுட்ட களிமண். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற பிசினையும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள்.

சர்வதேசப் போட்டித் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். நம்மூர் டீக்கடை சாஸரைவிடக் கொஞ்சம் சின்னது. விசையில் வீசி எறியும்போது உடையக் கூடாது, இரண்டு மூன்று ரவை பட்டாலே உடைய வேண்டும். அதனால் மொறுமொறுப்பாகச் செய்கிறார்கள். மொறுமொறுப்பான பொருள் உடைந்தால் விளிம்பு கூராகத்தான் இருக்கும்.

விதியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு துண்டு பெயர்ந்தாலும் அது ‘ஹிட்’தான். அதாவது பாயிண்ட் கிடைத்துவிட்டது, மீதி 80, 90 கிராம் தட்டு பறந்துகொண்டே இருக்கிறது.

சுட்டதும் அது நிற்காதா?

நிற்காது. பலர் தப்பாக நினைப்பது இங்கேதான். தோட்டாவில் இருப்பது 24 கிராம் ரவை, அதாவது நம்மூரில் பால்ரஸ் என்கிறோமே, அந்த மாதிரிக் குட்டி ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 2.6 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் ஏறக்குறைய 300 குண்டுகள் இருக்கும். தட்டில் படுவது அவற்றில் சில மட்டும். தட்டை உடைக்க அது போதும், அதன் ஓட்டத்தைத் திருப்பி அனுப்பப் போதாது. ஆகவே உடைந்த துண்டுகள் தட்டு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில்தான் போகும்.

ட்ராப் போட்டியில் தட்டு உங்களை விட்டு விலகிப் போகிறது. துண்டுகளும் விலகிப் போய்விடும், பெரும்பாலும் தொல்லை இல்லை. ஸ்கீட் கதை வேறு. அரைவட்டத்தின் இரு முனைகளில் இரண்டு வீடுகள், ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. இரண்டிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும். நடுவில் இருக்கிறது எட்டாவது ஸ்டேஷன். வீட்டிலிருந்து அங்கே 18 மீட்டர் சொச்சம்தான். தட்டு கிட்டத்தட்ட உங்கள் முகத்தை நோக்கி வந்து, சுமார் நாலரை மீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே கடக்கும். கடப்பதற்குள் சுட்டாக வேண்டும். கிடைக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடி. சரியாகச் சுட்டீர்கள் என்றால் பரிசாகச் சில்லுகள் உங்கள் மேலேயே வந்து விழும்.

சின்னதாக ஒரு கணக்கு. 20 கிராம் துண்டு ஒன்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 4 ஜூல். நாலரை மீட்டர் உயரத்திலிருந்து வெறுமனே கீழே விழுந்தால் ஒரு ஜூலுக்கும் குறைவு. ஆக, மேலிருந்து விழுவதைவிட எதிரே பாய்ந்து வருவதுதான் ஆபத்து. உச்சந்தலையைவிட முகத்துக்குத்தான் முதல் காவல் தேவை.

ஸ்போர்ட்டிங் க்ளேஸில் இன்னொரு வகை உண்டு. ‘ராபிட்’ என்று பெயர், தட்டு தரையில் உருண்டோடும். அங்கே துண்டைவிட, கல்லில் பட்டுத் தெறிக்கும் ரவைதான் பிரச்சினை. ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை போட்டால் தெறிப்பு இன்னும் அதிகம், இரும்பு நசுங்காமல் எகிறும். பக்கத்தில் நிற்பவரின் செமி ஆட்டோமேட்டிக்கிலிருந்து சூடான காலித் தோட்டா பக்கவாட்டில் பறந்து வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சுடாமல் சும்மா நின்று பார்ப்பவருக்கும் கண்ணாடி வேண்டும் என்கிறோம்.

கண்ணுக்கு ஏன் இவ்வளவு கவலை?

கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் இருக்கிறது. பெரிய பந்து வந்து மோதினால் அடியை அந்த எலும்பு வாங்கிக்கொள்ளும். வளையத்தைவிடச் சின்னப் பொருள் வந்தால் நேராக உள்ளே போய்விடும். ஷட்டில் காக் பட்டுக் கண் கெட்டவர்கள் இருப்பது இதனால்தான். தட்டுச் சில்லின் அளவும் அந்த ரகம்தான், கூடவே கூர்மை வேறு.

எந்தக் கண்ணாடி?

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ரோட்டோரத்தில் 150 ரூபாய்க்கு வாங்கிய கூலிங் கிளாஸ் வேண்டாம். உடைந்தால் அதுவே சில்லாகக் கண்ணுக்குள் போகும். நீங்கள் தினமும் போடும் பவர் கண்ணாடியும் போதாது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் இந்த அடிக்காகச் செய்யப்பட்டதல்ல, பக்கவாட்டில் இடைவெளியும் இருக்கும்.

வேண்டியது பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் லென்ஸ். பவர் வேண்டுமென்றால் இதிலேயே போட்டு வாங்கலாம், இல்லையென்றால் பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டும் ‘ஓவர்’ வகை கிடைக்கிறது. கடைக்காரர் “ஸ்ட்ராங்கானது சார்” என்று சொல்வதை நம்பாமல் ஃபிரேமில் பொறித்திருக்கும் குறியைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 166-ல் ‘எஃப்’ என்றால், 6 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் தாங்கியது என்று அர்த்தம். அமெரிக்க இசட் 87 தரத்தில் ‘பிளஸ்’ குறி இருந்தால், கிட்டத்தட்ட அதே மாதிரிக் குண்டோடு, அரை கிலோ கூர்முனை எடையை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸ் மேல் போட்டும் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

நம் கணக்கோடு ஒப்பிடுங்கள். ‘எஃப்’ சோதனைக் குண்டின் ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு, நம் சில்லின் ஆற்றல் 4 ஜூல். சில்லின் அடி பரவலாக விழும் என்பதால் இரண்டும் நேருக்கு நேர் ஒப்பீடு இல்லைதான். இருந்தாலும் ‘எஃப்’ என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு குறியும் உள்ளதாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

பொருத்தம் இன்னொரு விஷயம். ஷாட்கன்னில் கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, தலையை முன்னால் சாய்த்துச் சுடுகிறோம். அப்போது கண் லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்க்கும். கண்ணாடி மூக்கில் தாழ்வாக உட்கார்ந்திருந்தால் ஃபிரேமுக்கு மேலே எட்டிப்பார்க்கத் தோன்றும். அந்த இடைவெளியில் காவல் பூஜ்யம். நல்ல ஷூட்டிங் கண்ணாடிகள் புருவத்தை மறைக்கும் அளவுக்கு உயரமாக இருப்பது ஸ்டைலுக்காக அல்ல. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் நிறங்கள் தட்டைத் தெளிவாகக் காட்ட உதவும். நிறத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

வாங்கிய பிறகு சட்டை நுனியால் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் சீக்கிரம் கீறல் விழும். நெயில் பாலிஷ் ரிமூவர் போன்றவை லென்ஸையே பலவீனமாக்கும். தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும்.

தலைக்கு?

ஹெல்மெட் தேவையில்லை. விளிம்பு உள்ள கேப் அல்லது தொப்பி போதும், விளிம்பு முன்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து சாய்வாக வரும் சில்லு கண்ணாடிக்கும் நெற்றிக்கும் நடுவே புகாமல் அது தடுக்கும். தலைத்தோலில் சின்ன வெட்டு விழுந்தாலும் ரத்தம் பொலபொலவென்று கொட்டும், துணித்தொப்பியே அதில் பாதியைத் தவிர்த்துவிடும். எட்டாவது ஸ்டேஷனில் பழகியவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். சுட்டவுடன் துண்டுகளை அண்ணாந்து ரசிக்காமல், துப்பாக்கிக் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்கள்.

விதி என்ன சொல்கிறது? எங்கே இடிக்கிறது?

அமெரிக்காவின் தேசிய ஸ்கீட் சங்கம், மைதானத்தில் இருக்கும் எல்லோரும் கண், காது காவல் அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தில் நீண்ட காலமாக இருந்துவந்த வாசகமோ, உடையாத கண்ணாடி அணியுமாறு ‘வலியுறுத்துகிறது’. கட்டாயம் வேறு, வலியுறுத்தல் வேறு. ஒலிம்பிக் வீரருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அவர் எப்படியும் விலை உயர்ந்த கண்ணாடியோடுதான் வருவார்.

இடிப்பது அடுத்த ஆளிடம். தட்டு எறியும் வீட்டுக்குள் போய் அடுக்கி நிரப்புகிறவர், பழுது பார்க்கிறவர், ஓரமாக நின்று ஸ்கோர் எழுதுகிறவர். இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போதே உடையும் தட்டுகள் உண்டு. அந்தச் சில்லு முதலில் பார்ப்பது இவர்களின் முகத்தைத்தான். அதைவிட மோசமானது எறியும் கை. சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்பிரிங் இழுபட்ட நிலையிலேயே இருக்கலாம். குனிந்து தட்டு வைக்கும்போது அது விடுபட்டால் அடி தலையில் விழும். அதற்குத் தொப்பி, கண்ணாடி எதுவும் உதவாது. ஸ்பிரிங்கை விடுவித்த பிறகே அருகில் போவது, கை சுழலும் வட்டத்துக்குள் தலையை நீட்டாமல் இருப்பது, இவை இரண்டுதான் வழி.

ரேஞ்ச் நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒரு பெட்டி தோட்டாவுக்கு ஆகும் பணத்தில் ஒரு நல்ல பாதுகாப்புக் கண்ணாடி கிடைத்துவிடும். கட்டணம் கட்டிச் சுட வருபவருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு, சம்பளத்துக்கு நிற்பவரை வெறும் கண்ணோடு விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ‘வலியுறுத்துகிறோம்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, கண்ணாடி இல்லாதவருக்கு மைதானத்துக்குள் அனுமதி இல்லை என்று எழுதுங்கள். பார்வையாளரும் அதில் சேர்த்தி.

பட்டுவிட்டால்?

தூசு மாதிரி ஏதோ விழுந்தது என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். ஆனால் குத்தியிருக்கிறது, வெட்டியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். செருகி நிற்பதைப் பிடுங்கவே கூடாது. ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காரும்படி வைத்து ஒட்டி, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின் போட வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

மழுங்கிய அடி என்றால் வெளியே எதுவும் தெரியாமல்கூட இருக்கலாம். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது உண்டு. விழித்திரை பிய்வது சில நாட்கள், சில வாரங்கள் கழித்தும் நடக்கும். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கருப்புப் புள்ளிகள் திடீரென்று மிதப்பது, ஓரத்தில் திரை இழுத்த மாதிரி இருட்டு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரேஞ்சில் அடிபட்டதையும் தேதியோடு அவரிடம் சொல்லுங்கள்.