தூதருக்கு முன் டெய்லர் பேசட்டும்

வல்லரசுகளின் உறவு பற்றி வாசகர் வட்டத்தில் ஒரு கூட்டம் என்று முடிவானதும் நம் கை தானாகத் தேடுவது ஓய்வுபெற்ற தூதர் ஒருவரின் கைபேசி எண்ணைத்தான். அவர் வருகிறார். 1945 யால்டா மாநாட்டில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசுகிறார். கேள்விகளுக்குப் பத்து நிமிடம், பொன்னாடை, தேநீர். ஆண்டறிக்கையில் இது ‘கலந்துரையாடல்’ என்று ஏறிவிடுகிறது. தூதர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்களை முதலில் பேசவைப்பதுதான் சிக்கல். நிபுணர் பேசி முடித்த பிறகு, தனக்கும் ஒரு கருத்து உண்டு என்று எழுந்து சொல்ல யாருக்கும் துணிவு வருவதில்லை.

சாதாரண மக்களும் வெளியுறவு பேச முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைப் பாருங்கள். 1955 தொடக்கத்தில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அமெரிக்க மக்காச்சோளச் சாகுபடியைப் புகழ்ந்து பேசினார். ‘டெ மாயின் ரெஜிஸ்டர்’ நாளேட்டின் தலையங்க ஆசிரியர் லாரன் சோத் உடனே எழுதினார்: சோவியத் விவசாயிகள் இங்கே வந்து பார்க்கட்டும், எங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். பனிப்போர் உறைந்து கிடந்த காலம். ஆனாலும் மாஸ்கோ ஏற்றது, வாஷிங்டன் அனுமதித்தது. அந்தக் கோடையிலேயே இரு நாட்டு விவசாயக் குழுக்களும் பயணம் போய்வந்தன. அடுத்த ஆண்டு சோத்துக்குப் புலிட்சர் பரிசு. கூன் ராப்பிட்ஸ் ஊர்க்காரர் ராஸ்வெல் கார்ஸ்ட் சோவியத்துக்குக் கலப்பின மக்காச்சோள விதை விற்றார். 1959 செப்டம்பரில் குருஷ்சேவே அவர் பண்ணைக்கு வந்து நின்றார். அயோவாக்காரர்களுக்குப் பனிப்போர் அறிமுகமானது சித்தாந்தமாக மட்டுமல்ல, விதையாகவும்தான்.

அதே மாநிலத்துக்கு 1985-இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து ஒரு விவசாயக் குழு வந்தது. அதில் வந்த இளம் அதிகாரி ஒருவர் மஸ்கட்டீன் ஊரில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அவர் பெயர் ஷி ஜின்பிங். 2012-இல் துணை அதிபராகத் திரும்பி வந்து பழைய நண்பர்களைப் பார்த்தார். 2018 ஜூலையில் வர்த்தகப் போர் மூண்டபோது, சீனா அமெரிக்க சோயா மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அயோவாவின் முக்கியப் பயிர்களில் ஒன்று சோயா. அந்த ஆண்டு செப்டம்பரில், சோத் எழுதிய அதே நாளேட்டில், சீன அரசு நாளேடான ‘சைனா டெய்லி’ பணம் கட்டி நான்கு பக்க விளம்பர இணைப்பை வெளியிட்டது. ஊர் மக்கள் வெளியுறவு பேசத் தொடங்கினால் வெளிநாட்டு அரசுகளும் அங்கே வந்து காது வைக்கும், வாயும் வைக்கும். இதற்குப் பயந்து கூட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. யார் செலவில் நடக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதி ஆபத்து தீரும்.

கூட்டம் நடத்தும் முறைக்கு வருவோம். 1954-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தொடங்கிய ‘கிரேட் டெசிஷன்ஸ்’ என்ற வெளியுறவுக் கலந்துரையாடல் திட்டம் இன்றும் நடக்கிறது. ஆண்டுக்கு எட்டு ஒன்பது தலைப்புகள், ஒரு கையேடு, நூலகத்திலோ தேவாலயத்திலோ கூடும் சிறு குழு, கடைசியில் ஒரு கருத்துச் சீட்டு. அந்தச் சீட்டுதான் எனக்குப் பிடித்த பகுதி. எதையாவது முடிவு செய்தாக வேண்டும் என்றால்தான் மனிதர்கள் கவனமாகக் கேட்கிறார்கள். 1982 மார்ச்சில் வெர்மாண்ட் மாநிலத்தில் 150-க்கும் மேற்பட்ட ஊர்க்கூட்டங்கள், அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் பெருக்கத்தை ஒருசேர நிறுத்த வேண்டும் என்று வாக்களித்தன. நம் கிராம சபை போன்ற கூட்டங்கள்தாம். சாலைப் பராமரிப்பும் ஊர் வரவுசெலவும் பேசுகிற இடங்கள். அந்த வாக்கு வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்தேதான் கை தூக்கினார்கள்.

நம்மிடமும் இதற்கான சரக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக என்று வாஷிங்டனே அறிவித்தது. உக்ரைன் போர், மாஸ்கோவின் வருமானம், டெல்லியின் எண்ணெய்க் கணக்கு எல்லாம் சேர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆர்டர் புத்தகத்தில் வந்து விழுந்தன. அங்கே கூட்டம் வைப்பவர் யால்டாவில் தொடங்க வேண்டுமா என்ன? ‘உங்கள் கம்பெனியில் ஆர்டர் எப்படி?’ என்று டெய்லரையும் செக்கிங் செய்யும் அக்காவையும் முதலில் கேளுங்கள். பிறகு எண்ணெய் விலை பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை. பிறகு ‘எண்ணெயை நிறுத்தலாமா, வேறு சந்தை தேடலாமா, பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்கலாமா’ என்று மூன்று வழிகளை வைத்து வாதம், கடைசியில் வாக்கெடுப்பு. தூதர் இருந்தால், வாக்கெடுப்புக்குச் சற்று முன் பேசட்டும், அதுவும் எழுந்த சந்தேகங்களுக்கு மட்டும்.

கட்சி அரசியல் நுழைந்துவிடும் என்று நூலகர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். நுழையத்தான் செய்யும். பேசுகிறவர் எந்தத் தலைவரைச் சொன்னாலும், ‘அதனால் எந்த வழி?’ என்று நெறியாளர் திருப்பிக் கேட்டால் போதும். பெரும்பாலும் பேச்சு தடம் திரும்பிவிடும். தூதரகமோ ஏற்றுமதியாளர் சங்கமோ அரங்க வாடகை தருவதாகச் சொன்னால் அதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். அப்படி அச்சிட அவர்கள் மறுத்தால் நூலக வராந்தாவிலேயே நடத்திக்கொள்ளலாம். இன்னொன்று, திருப்பூரில் சனிக்கிழமை வைக்காதீர்கள். அன்று சம்பள நாள், யாரும் வரமாட்டார்கள்.