கூண்டிலே பிள்ளை - துணைக்கு யார்?

கோடீஸ்வரன் மீது வழக்கு என்றால், அவனுக்காக வாதாட டில்லியிலிருந்து விமானத்திலே வந்து இறங்குகிறார் வழக்கறிஞர். உடன் நாலு உதவியாளர், கட்டுக்கட்டாகப் புத்தகம்! குற்றம் சாட்டப்பட்டவன் பதினாறு வயதுப் பையனாக, அதிலும் சித்தேரி மலைப்பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டால்? அவன் பக்கம் நின்று பேச யார் வருகிறார்? வருகிறவர் எப்படிப் பேசுகிறார்?

அரூர் மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1992 ஜூன் 20ஆம் நாளை இந்த வட்டாரம் எப்படி மறக்கும்? சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்திக்குள் புகுந்தது ஒரு படை. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்த படை! வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களிலே ஒருத்திக்கு வயது 13. கைதானவர்கள் 133 பேர். பெண்கள் 90, ஆண்கள் 15. மீதி 28 பேர் யார் என்று நினைக்கிறீர்கள்? குழந்தைகள்! அரூர் வனத்துறை அலுவலகத்திலே இரவைக் கழிக்கவைத்துப் பிறகு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

கைக்குழந்தை தாயை விட்டுப் பிரியாது, சிறை விதியே அதற்கு இடம் தருகிறது என்று சமாதானம் சொல்வார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு என்ன சமாதானம்? அன்றைக்குச் சட்டம் இல்லையா? இருந்தது! 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிடிபட்ட சிறுவரைக் கூர்நோக்கு இல்லத்திலேதான் வைக்கவேண்டும் என்றது. அதே 1986லே ஷீலா பார்சே வழக்கில், பிள்ளைகளைச் சிறையில் போடாதீர்கள் என்று உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கெல்லாம் சொன்னது. அதற்கும் முன்னே, 1920லேயே, சிறுவருக்கென்று தனிச் சட்டம் கண்டது நமது சென்னை மாகாணம். இந்தியாவிலே அதுதான் முதல்! இத்தனையும் ஏட்டிலே இருந்தன. ஆனால் சட்டத்துக்குக் கால் இல்லையே! சிறைக் கதவருகே அதைத் தூக்கிக்கொண்டு வர வழக்கறிஞர் வேண்டும், அதுவும் முதல் நாளே வேண்டும்.

பிறகு வந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் நின்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் உச்சநீதிமன்றப் படியேறினார். (நல்ல காரியம் எந்தக் கட்சிக்காரர் செய்தாலும் நல்ல காரியமே.) 1995லே உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. திறமையும் பிடிவாதமும் உள்ள வழக்கறிஞர் கிடைத்தால் மலையடிவாரத்து ஏழையும் சர்க்காரை வெல்லமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று நடப்பிலுள்ளது 2015ஆம் ஆண்டுச் சட்டம். பிடித்த பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பிலே வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக்கூடாது. ஜாமீன் கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. பிள்ளைக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்யவேண்டியது குழுமத்தின் கடமை. செல்வமகனா ஏழைமகனா என்றுகூடக் கேட்கவேண்டியதில்லை. குழந்தை என்றாலே இலவச வழக்கறிஞருக்கு உரிமையுண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம்.

வழக்கறிஞர் உண்டு என்பதோடு முடிந்ததா? பையனின் பெயரைக் குழும வாசலிலேதான் முதன்முதலாகக் கேட்கிறார், கட்டைப் புரட்டவில்லை, பள்ளிச் சான்றிதழைக் கேட்டு வாங்கவில்லை, தாயிடம் இரண்டு வார்த்தை பேசவில்லை என்றால் அப்படிப்பட்டவர் வந்தென்ன, வராமலிருந்தென்ன? வயதைக் காட்டும் அந்தச் சான்றிதழ் ஒன்றிலேதானே பையனின் தலையெழுத்தே இருக்கிறது!

“குழுமம் தண்டிக்கும் இடமல்ல, திருத்தும் இடம். தந்தைபோல் பரிவோடு பார்க்கிறார்கள். அங்கே வக்கீலுக்கு என்ன வேலை?” என்று கேட்கிற நல்லவர்கள் உண்டு. அவர்களை அமெரிக்காவின் அரிசோனாவுக்கு அழைத்துச் செல்கிறோம். 1964லே ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையன், அண்டை வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியிலே ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். வழக்கறிஞர் இல்லை. குற்றம் சொன்ன பெண் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. தந்தைபோன்ற நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? 21 வயது வரை, அதாவது ஆறாண்டு வரை, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்! வயது வந்தவன் அதே குற்றத்தைச் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. 1967 மே மாதம் - இங்கே நாம் ஆட்சி மாற்றம் கண்ட அதே ஆண்டு - அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிறுவனுக்கும் வழக்கறிஞர் வைக்க உரிமையுண்டு என்று தீர்ப்பளித்தது. பரிவு வேண்டாமென்று யார் சொன்னார்? பரிவோடு பார்ப்பவரும் தவறக்கூடும், தவறும்போது தடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்கிறோம்.

நம் சட்டத்திலே அந்தக் குரல் மிகமிகத் தேவைப்படும் இடம் 15ஆம் பிரிவு. 16 வயது நிரம்பியவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவன் மனநிலையை முதலில் மதிப்பிட்டு, பெரியவனைப்போல் விசாரிக்கலாமா என்று பார்க்கச் சொல்கிறது அது. ஒரு பிள்ளையின் வாழ்வு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திரும்பும் முனை! இது நுட்பமான வேலை, குழுமத்திலே குழந்தை மனவியல் கற்றவர் இல்லையென்றால் மனவியல் வல்லுநரின் துணையைப் பெற்றே தீரவேண்டும் என்று 2022லே உச்சநீதிமன்றம் கூறியது. அந்த வல்லுநரின் அறிக்கையைப் படித்து, புரிந்து, குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த வழக்கறிஞர் பையனுக்கு வேண்டாமா?

ஆட்சியாளரிடமும் சட்டப்பணிகள் ஆணையத்திடமும் நாம் கேட்பது பெரிதல்ல. 2022 முதல் மாவட்டங்களிலே முழுநேர ஊதியத்தில் சட்ட உதவி வழக்கறிஞர்களை அமர்த்துகிறார்களே, அந்த ஏற்பாட்டிலே பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கட்டும். கற்றுக்குட்டிகள் கை பழகும் இடமாகக் குழுமத்தை ஆக்கவேண்டாம். ஒரு பிள்ளையின் வழக்கை எடுத்தவரே கடைசிவரை நடத்தட்டும். மலையிலிருந்து இறங்கி, அரூரிலே பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து தருமபுரிக்குப் போகிறாளே தாய், அவள் அங்கே போய் வழக்கறிஞரைத் தேடி அலையவேண்டாம். பிள்ளையைப் பிடித்த செய்தி காவல் நிலையத்திலிருந்து கிடைத்ததும் அவரே அரூருக்கு வரட்டும்.