டர்போ போச்சு சார்

பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "டர்போ போச்சு சார்." பத்து வயது தாண்டிய டீசல் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, பிக்கப் இல்லை, சத்தமும் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வண்டி சூடான பிறகா என்று ஒரு கேள்வி வராது. நாமாகச் சொல்ல வாயெடுத்தாலும், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று அடுத்த வார்த்தையில் அடைத்துவிடுவார்கள்.

அப்படித்தான் இருக்கும் என்றால் எப்படி? தாமதம் டர்போவோடு பிறந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. புகைபோக்கிக்குப் போகிற வாயுதான் டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்; எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த வாயு போதாது. நம் ஊரில் மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் போட்ட அந்த 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல் என்பது ஷோரூமிலிருந்து வந்த நாளிலேயே எல்லோரும் பேசிய குணம். ஓட்டுகிறவன் அதற்குப் பழகிக்கொண்டு கியரை இறக்கித்தான் ஓட்டினான். நான் சொல்வது அதையல்ல. ஏற்காட்டு மலையில் இரண்டாவது கியரில் நேற்றுவரை ஏறிய வண்டி இன்று முதல் கியர் கேட்கிறது. 2,000-இல் கிடைத்த இழுவை 2,500-க்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. மிதித்தால் பின்னால் கரும்புகை. இது குணமல்ல, கோளாறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, தினமும் ஓட்டுகிறவன் வாயால் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கும் வழி இல்லாமல் இல்லை. டர்போ அழுத்திய காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்கு வருகிறது. பத்து வருட வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அந்த ஹோஸ் உப்பி, கிளிப் இருக்கும் இடத்தில் வெடிப்பு விடும். நின்ற இடத்தில் உறுமவிட்டால் வெடிப்பு மூடியே இருக்கும். ஏற்றத்தில் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறந்து 'உஸ்'ஸென்று காற்றை விடும். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்த பிறகுதான் ஒட்டு போடுகிறார். இங்கேயும் காற்றுப் பாதையில் புகையை ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். அதைச் செய்துவிட்டு டர்போவைப் பற்றிப் பேசினால் மறுபேச்சு இல்லை.

ஸ்கேனர் மட்டும் எல்லாரிடமும் இருக்கிறது. செருகுகிறார்கள், எரர் கோடு படிக்கிறார்கள், அழிக்கிறார்கள், முடிந்தது. அதே கருவியில், எஞ்சின் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஓடும்போதே இரண்டு எண்கள் வரும். மலையடிவாரம் வரை ஒருவர் ஓட்ட, ஒருவர் அந்த எண்களைப் பார்த்தால் போதும். ஆனால் யாரும் வண்டியில் ஏறுவதில்லை. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் இதே மந்தம் வரும். டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகிற மெல்லிய வேக்குவம் குழாய் விரிசல் விட்டாலும் சில வண்டிகளில் வரும். காற்றை அளக்கும் சென்சார் தவறாகச் சொன்னாலும் வரும். இவை எதுவும் டர்போ விலையின் பக்கத்தில்கூட நிற்காது.

சத்தத்தின் கதை இதைவிட வயிற்றெரிச்சல். ஒருவர் இன்ஜெக்டர் என்கிறார், இன்னொருவர் செயின் என்கிறார், மூன்றாமவர் கிராங்க் வரைக்கும் போய் "எஞ்சினை இறக்கணும்" என்கிறார். மூவரும் கேட்டது ஒரே சத்தம்! குளிரில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடத்து அடங்கினால் செயினையும் அதை இறுக்கும் டென்ஷனரையும் சந்தேகிக்கலாம். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது, ஆகவே ஆயிலின் அளவையும் தரத்தையும் முதலில் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதென்றால் தேட வேண்டிய இடமே வேறு. பெல்ட்டைக் கழற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டால், ஆல்டர்னேட்டர் பேரிங்கா எஞ்சினா என்பது அப்போதே பிரிந்துவிடும். 'டொக் டொக்' என்று தட்டினால், இன்ஜெக்டர்களின் ஒயரை ஒவ்வொன்றாகத் துண்டித்து, எதில் சத்தம் அடங்குகிறது என்று கேட்கலாம். ரிட்டர்ன் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்தால், எது அதிகம் கசிகிறது என்று கண்ணாலேயே தெரியும். நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து நோய் சொன்ன பழைய மேஸ்திரிகள் நம் ஊரில் இருந்தார்கள். அந்தப் பொறுமைதான் போய்விட்டது.

உண்மையிலேயே டர்போ போயிருந்தாலும் வேலை பாதிதான் நடக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. கெட்ட ஆயிலோ, கரி அடைத்த ஆயில் குழாயோ அதைக் கொன்றிருக்கும். குழாயைச் சுத்தம் செய்யாமல், சம்பைத் திறந்து பார்க்காமல் புதுசை மாட்டினால், புதுசும் அதே வழியில்தான் போகும். எத்தனை பேர் அந்தக் குழாயைக் கழற்றுகிறார்கள்?

மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டீசலையே கைவிட்டது. இப்போது ஓடுகிற பழைய டீசல்களை வைத்திருப்பவர்களில் பலருக்கு அடுத்த வண்டி வாங்க வசதி கிடையாது. குடும்பத்துக்கு ஒரே வண்டி, வாடகைக்கு ஓட்டினால் பிழைப்பே அதுதான். அவர்களிடம்தான் "மாத்திப் பாப்போம் சார்" என்கிறார்கள். மாற்றிப் பார்க்கிற செலவு யாருடையது? மாற்றியும் சத்தம் போகாவிட்டால், மாட்டிய சாமானைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிற பட்டறை எங்காவது உண்டா? கழற்றிய பழைய டர்போவைக் காட்டச் சொன்னால்கூட, "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்கிறார்கள்.

கூலி அதிகமாகவே கேளுங்கள், தருகிறோம். ஒரு நாள் முழுக்க வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். சாமான் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எதை அளந்தீர்கள், எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருந்தது.